பெயர் வெட்டிய அண்டாவும் பதினான்கு ரூபாய்ப் புத்தகமும்

தஞ்சாவூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் என் மாமியாரின் கையெழுத்தைப் பார்த்தேன். நீலக் காலிகோத் துணியில் முதுகு வைத்துப் பைண்டு செய்த தடிமனான தொகுப்பு. முதல் பக்கத்தில், "இரவல் வாங்குகிறவர்கள் திருப்பித் தரவும், ஓரம் மடக்க வேண்டாம்" என்று எழுதி, கீழே 1968 என்று ஆண்டும் போட்டிருந்தார். வார இதழில் வந்த தொடர்கதையை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வாங்கியது. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இந்த வேலை நடந்தது. கடைக்காரர் சொன்ன விலை 450 ரூபாய்.

பதினோரு நாளைக்கு முன்னால் அதை விற்றவள் நான்தான். கும்பகோணத்தில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பழைய பேப்பர் கடையில் 52 கிலோ காகிதத்தோடு சேர்த்துப் போட்டேன். கிலோ 14 ரூபாய். அந்தத் தொகுப்பு அறுநூறு கிராம் இருக்கும். ஆக, எனக்கு அதில் கிடைத்தது எட்டு ரூபாய் நாற்பது காசு.

பேரம் பேசி 380 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அன்றைய கணக்கு நஷ்டம்தான். ஆனால் அடுத்த ஒரு வருடம் நான் செய்த வியாபாரம் முழுவதற்கும் கட்டிய பள்ளிக்கூடச் சம்பளம் அந்த 380 என்று இப்போது தோன்றுகிறது.

இதெல்லாம் 2023 ஆடி மாதம் தொடங்கியது. எங்களுடையது ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், பின்னால் கொல்லை. கூடத்து உத்தரம் ஒன்றில் கரையான் ஏறிவிட்டது. தச்சர் ஏணி வைத்துப் பார்த்துவிட்டு, "பரணைக் காலி செய்யாமல் கைவைக்க முடியாது" என்றார். மரமும் ஓடும் கூலியுமாக 85,000 ரூபாய் ஆகும் என்று மதிப்பும் சொன்னார். என் கணவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். ஓய்வூதியத்தில் மாதம் ஓடும், உத்தரம் ஓடாது. சென்னையில் இருக்கும் மகனிடம் கேட்பதில்லை என்று நானும் அவரும் பேசிக்கொள்ளாமலே முடிவு செய்திருந்தோம்.

பரணிலிருந்து மூன்று நாள் இறக்கினோம். இறக்கியதைக் கூடத்தில் பரப்பியபோது நடக்க வழியில்லை. அண்டா, தவலை, கங்காளம், சருவம், அடுக்கு, கூஜா, தூக்கு, படிக்கம், வெண்கலப் பானை, உருளி, இரண்டு ஈயச்சொம்பு, மாக்கல் சட்டிகள், குத்துவிளக்குகள், திருகை, பல்லாங்குழி, மூன்று டிரங்குப் பெட்டி நிறையக் காகிதமும் துணியும். என் மாமியாருக்கு அப்போது 81 வயது. ஊஞ்சலில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் வரலாறு சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தூசியில் தும்மல். வரலாறு காதில் ஏறவில்லை. காகிதத்தை முதலில் ஒழித்தால் இடம் கிடைக்கும் என்று பேப்பர் கடைக்கு அனுப்பினேன். பெட்டிகளில் இருந்த முப்பது தொகுப்புகளில் பதினொன்று அப்படிப் போய்விட்டன. மீதி பத்தொன்பது வேறு பெட்டியில் இருந்ததால் தப்பின.

தஞ்சாவூர்க் கடைக்காரரிடமே பிறகு நல்லபடியாகப் பேசினேன். இந்தத் தொகுப்புகளைக் கதைக்காக மட்டும் யாரும் வாங்குவதில்லையாம். கதை புத்தகமாகக் கிடைக்கிறது. அந்த வாரப் படம், அதற்கு நடுவே சோப்பு விளம்பரம், அந்த வாரத்துத் துணுக்கு, இவற்றுக்காகத் தேடுகிறார்கள். தீபாவளி மலர்களுக்கும் அப்படித்தான். அட்டை கிழியாமல் இருந்தால் விலை வேறு. பத்தொன்பதில் பதினான்கை ஒரு சேகரிப்பாளர் வந்து சராசரி 300 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். ஐந்தை மாமியார் கொடுக்கவில்லை. பழைய புத்தகம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பாடப் புத்தகம், கைடு, டைரி, நாளிதழ் இவற்றை எடைக்குப் போடுங்கள். படம் போட்டது எதுவாக இருந்தாலும் தனியே வையுங்கள். நாளிதழிலும் ஆங்கிலத்தைத் தமிழோடு கலக்காதீர்கள். எங்கள் ஊரில் கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூடுதலாகவே போகிறது.

அடுத்தது பாத்திரம். இங்கேதான் பணம் இருந்தது.

முதல் நாள் வாசலில் வந்த காயலான் கடைக்காரர் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் அக்கா, வண்டிக்கு இவ்வளவு" என்று ஒரு தொகை சொன்னார். மொத்தமாக என்று சொல்கிறவரிடம் விற்கக் கூடாது என்பது அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்ததல்ல, மாமியார் ஊஞ்சலிலிருந்து, "வெண்கலத்தையும் பித்தளையையும் ஒரே தட்டில் போடுகிறவனிடம் என்ன வியாபாரம்?" என்றார். அவர்தான் எனக்குப் பிரிக்கக் கற்றுக்கொடுத்தார். வெண்கலத்தைத் தட்டினால் மணி மாதிரி நீளும் ஓசை. பித்தளையில் ஓசை சீக்கிரம் அடங்கிவிடும். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது, பித்தளை செம்பும் துத்தநாகமும். வெள்ளீயம் விலை கூடிய உலோகம் என்பதால் வெண்கலத்துக்கு எப்போதும் பித்தளையைவிட விலை அதிகம். அன்று மாலை முழுவதும் நான் ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தேன். வெண்கலக் கடையில் யானை புகுந்த கதைதான். பக்கத்து வீட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

தராசு விஷயத்தையும் சொல்ல வேண்டும். வண்டிக்காரர்கள் கொண்டுவரும் கொக்கித் தராசை நம்பாதீர்கள், ஆனால் சண்டையும் போடாதீர்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் நிறைந்த புட்டி இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். அதை ஒரு துணிப்பையில் போட்டு, "முதலில் இதை நிறுத்துக் காட்டுங்கள்" என்று கேட்டேன். ஒருவருடைய தராசில் 1.6 கிலோ வந்தது. அவரே, "முள் சரியில்லை போலிருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார். பெரிய எடைக்கு சமையல் எரிவாயு சிலிண்டர் இருக்கிறது. காலி எடை அதன் மேலேயே பொறித்திருக்கும், உள்ளே நிரப்பும் வாயு 14.2 கிலோ. புதிதாக வந்த சிலிண்டரைத் தூக்கி நிறுத்தால் தராசின் யோக்கியதை தெரிந்துவிடும்.

இனி ஈயச்சொம்பு. இதை எழுதாவிட்டால் நான் இந்தக் கட்டுரையே எழுதியிருக்க வேண்டாம்.

"ஈயம் கிலோ 90 ரூபாய்" என்றார் ஒரு வியாபாரி. இரண்டு சொம்பும் சேர்ந்து 1.4 கிலோ. 126 ரூபாய். பேச்சு வழக்கில் நாம் இரண்டு உலோகங்களை ஈயம் என்று சொல்லிவிடுகிறோம். பழைய பேட்டரியில் இருப்பது காரீயம், நஞ்சு, மலிவு. ரசம் வைக்கும் சொம்பு வெள்ளீயம். அது சந்தையில் காரீயத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் விலை போகும் சரக்கு. பெயர் ஒன்று என்பதால் ஒன்றின் விலையை மற்றதற்குச் சொல்கிறார்கள். தெரியாமல் சொல்கிறவரும் உண்டு, தெரிந்தே சொல்கிறவரும் உண்டு. காரீயம் காகிதத்தில் தேய்த்தால் பென்சில் போலத் தெளிவாகச் சாம்பல் கோடு போடும். வெள்ளீயம் அவ்வளவு எளிதில் எழுதாது. மெல்லிய துண்டாக இருந்தால் வளைக்கும்போது கிறீச்சென்று ஒரு முனகல் கேட்கும். இந்தச் சோதனைகள் முதல் பார்வைக்குத்தான், கலப்படத்தைக் கண்டுபிடிக்கப் போதாது. பெரிய தெருப் பக்கம் தலைமுறையாக ஈயப் பாத்திரம் விற்கிற கடை ஒன்றில் காட்டினேன். உருக்கிப் பார்த்துத்தான் விலை சொல்வேன் என்றார், அது நியாயம். 232 டிகிரியிலேயே உருகிவிடுகிற உலோகம். அதனால்தான் வெறும் ஈயச்சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போன மருமகள்கள் திரும்பி வந்து அடுப்படியில் வெள்ளிக்குளம் பார்த்திருக்கிறார்கள். கிலோ 1,700 கொடுத்தார். 126 என்று கேட்டதற்கு 2,380 வந்தது.

ரசத்துக்கு என்ன செய்கிறோம் என்று கேட்காதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கைப் போட்டுச் சிறியதாக ஒரு சொம்பு அதே கடையில் மாமியார் வாங்க வைத்துவிட்டார். கணக்கில் அதைக் காட்டவில்லை.

எல்லாப் பழைய பாத்திரத்தையும் இப்படித் தேடித் தேடி விற்க வேண்டியதில்லை. ஓட்டை விழுந்தது, அடி தேய்ந்தது, காது போனது எல்லாம் எடைக்குத்தான். அப்படி 41 கிலோ பித்தளை, கிலோ 360 வீதம் போட்டேன், 14,760 ரூபாய். ஆனால் சிறு குறை உள்ளதை அப்படிப் போடக் கூடாது. ஒரு குத்துவிளக்கு, ஆறு கிலோ, உச்சியில் பொருத்துகிற பிரபை மட்டும் இல்லை. எடைக்குப் போட்டால் 2,160. எங்கள் ஊரிலிருந்து நாச்சியார்கோவில் பஸ்ஸில் போகிற தூரம். அந்த ஊர் விளக்குக்கு 2010இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கீழ்ப்பாகம், தண்டாகிய கண்டம், எண்ணெய் ஊற்றும் தாங்குழி, பிரபை என்று தனித்தனியாக வார்த்து மரையில் பொருத்துகிற விளக்கு. ஆகவே ஒரு பாகம் போனால் அந்த ஒரு பாகத்தை மட்டும் வாங்கலாம். 650 ரூபாய்க்கு மரை பொருந்துகிற பிரபை ஒன்று போட்டுத் தந்தார்கள். விளக்கு 4,800க்குப் போனது.

அதே உற்சாகத்தில் இன்னொரு விளக்கைப் புளி போட்டு, சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்தேன். பழைய பொருள் வாங்க வந்த அம்மாள் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. "ஐயோ, தேய்த்துவிட்டீர்களே!" என்றார். அறுபது வருடக் கறுப்பைத்தான் அவர் வாங்க வந்திருக்கிறார். பூஜைக்கு வாங்குகிறவருக்குத் தேய்த்துக் கொடுங்கள், அலங்காரத்துக்கு வாங்குகிறவருக்கு அழுக்கோடு கொடுங்கள். யார் என்று தெரியாதவரை துணியால் தூசி மட்டும் தட்டுங்கள்.

மாக்கல் சட்டியிலும் இதே பாடம்தான். புதுக் கல்சட்டியை நேராக அடுப்பில் வைத்தால் விரிசல் விட்டுவிடும். எண்ணெயும் மஞ்சளும் தடவி, நாள் தவறாமல் சூடான கஞ்சித் தண்ணீர் ஊற்றி வைத்துப் பழக்க வேண்டும். இந்தப் பொறுமை இல்லாத இளம் குடும்பங்கள் பழக்கிய சட்டிக்குப் புதுச் சட்டியைவிட அதிகம் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். இரண்டு சட்டி 1,800, பழகிய இரும்புத் தோசைக்கல் இரண்டு 1,200. அதில் நாற்பது வருடம் மாமியார் ஊற்றிய தோசையைத்தான் நான் விற்றேன்.

இப்போது பெரிய அண்டாவுக்கு வருகிறேன். மாமியாரின் மாமியார் 1934இல் சீராகக் கொண்டுவந்தது. விளிம்பில் பெயர், பிறந்த ஊரின் முதலெழுத்து, தமிழ் எண்களில் ஆண்டு, எல்லாம் உளி வைத்துப் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. நல்ல கனம். வாங்க வந்தவர் விலையும் நன்றாகச் சொன்னார். பெயரை மட்டும் ராவி எடுத்துவிட்டுத்தான் எடுத்துப்போவேன் என்றார். அடுத்தவர் வீட்டுப் பெயர் தன் வீட்டுக் கல்யாணத்தில் எதற்கு என்பது அவர் கேள்வி. தப்பில்லை.

மாமியார் ஊஞ்சலை நிறுத்தினார். "ஏம்மா, அவர் பெயரை ராவுவதற்கு நாம் யார்?" என்றார். அவ்வளவுதான். வியாபாரம் முறிந்தது. எனக்குக் கோபம்கூட வந்தது. உத்தரத்தைக் கரையான் தின்கிறது, இங்கே பெயரைப் பற்றிப் பேச்சு.

இரண்டு வாரம் அந்த அண்டா ரேழியில் கிடந்தது. ஒரு வளைகாப்புக்கு அலங்காரம் செய்கிற பெண் எங்கள் தெருவுக்கு வந்தவள், திண்ணை வழியாகப் பார்த்துவிட்டு, "அக்கா, இதை இரண்டு நாளைக்கு வாடகைக்குத் தருவீர்களா? தண்ணீர் நிரப்பிப் பூ மிதக்க விட வேண்டும்" என்று கேட்டாள். விற்பதும் வைத்திருப்பதும் தவிர மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது என்பது எனக்கு அதுவரை தோன்றவேயில்லை. அண்டா, உருளி, தாம்பாளம், பன்னீர்ச் செம்பு, சந்தனப் பேலா, குங்குமச் சிமிழ், இரண்டு மணைப்பலகை எல்லாவற்றையும் ஒரு தொகுப்பாக்கி இரண்டு நாளைக்கு 1,500 ரூபாய் என்று வைத்தேன். முன்பணம் 5,000, பொருள் திரும்பியதும் திருப்பிக் கொடுப்பது. முதல் வருடத்தில் பதினான்கு முறை போய் வந்தது. 21,000 ரூபாய், பாத்திரம் வீட்டிலேயே இருக்கிறது.

நடுவில் ஒரு தடவை திரும்பி வந்த தாம்பாளம் வேறு. பார்க்க ஒன்று போலத்தான் இருந்தது. மாமியார் கையில் வாங்கியதும், "இது நம்முடையது இல்லை, இலேசாக இருக்கிறது" என்றார். திருப்பிப் பார்த்தால் பெயர் இல்லை. மண்டபத்தில் மாறியிருக்கிறது. மறுநாளே எங்கள் தாம்பாளம் வந்துவிட்டது. பெயர் வெட்டியிருந்ததால் அங்கே யாரும் தங்களுடையது என்று சொல்ல முடியவில்லை. விற்பனையை முறித்த அதே பெயர் வாடகையில் பூட்டாக இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பொருளையும் கொடுக்கும்போது நிறுத்து, படம் எடுத்து, நோட்டில் குறித்துக்கொள்கிறேன். வரும்போது மறுபடி நிறுக்கிறேன். தயவுதாட்சண்யம் பார்த்தால் இதில் பிழைக்க முடியாது. உறவுக்காரர்களிடம்தான் முதலில் முன்பணம் கேட்க வேண்டும்.

பட்டுச் சேலைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தெருவில் கூவிக்கொண்டு வருகிறவர்கள் சேலைக்கு 600 என்று கண்மதிப்பில் சொல்வார்கள். அசல் சரிகையில் பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றித் தங்க முலாம் பூசியிருக்கும். ஓரத்தில் நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு தெரியும். வெள்ளை நூல் தெரிந்தால் பெரும்பாலும் அது வெள்ளியல்ல. கிழிந்து மடிப்பில் அறுந்துபோன மூன்றை மட்டும் பழைய சரிகை வாங்கும் கடைக்குக் கொண்டுபோனேன். கண்ணெதிரே ஒரு துணுக்கை எரித்து, மிஞ்சியதை உரைகல்லில் தேய்த்துப் பார்த்து 9,400 கொடுத்தார்கள். மாமியாரின் 1962 கூறைப் புடவையை அவர் தொடவே விடவில்லை. நானும் கேட்கவில்லை.

பணமாகாத, பணமாக்கக் கூடாத சிலவும் பரணில் இருந்தன. சிவப்புத் துணியில் சுற்றிய இரண்டு ஓலைச்சுவடிக் கட்டு. ஒருவர் 3,000 தருகிறேன் என்றார். என் கணவர்தான் தடுத்தார். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளும், எழுபத்தைந்து ஆண்டு கடந்த முக்கியமான சுவடியும் தொல்பொருள் கணக்கில் வரும். உரிமம் இல்லாமல் அந்த வியாபாரம் செய்ய முடியாது, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. வீட்டில் பழைய விக்கிரகம், சுவடி இருந்தால் முதலில் சட்டத்தை விசாரியுங்கள், பிறகு விலையை. சுவடியைத் தண்ணீர்த் துணியால் துடைக்கவும் வேண்டாம். நாங்கள் இரண்டு கட்டையும் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் சேர்த்துவிட்டோம். பஸ் செலவு எங்களுடையது.

ஒரு அரிசி டின்னில் மூன்று பழைய ஐந்நூறு ரூபாய்த் தாள்கள், 2016இல் செல்லாமல் போனவை. மாமியார் மறந்தே போயிருந்தார். பத்துக்கு மேல் வைத்திருந்தால் குற்றம் என்று 2017இல் சட்டம் வந்தது. மூன்றுதான் என்பதால் நினைவுக்கு வைத்துக்கொண்டோம். டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டும் இருந்தது. அதற்கு இலட்சக்கணக்கில் கிடைக்கும் என்று கைபேசியில் ஒரு காணொளி பார்த்து என் கணவர் அதில் இருந்த எண்ணுக்குப் பேசினார். ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம் என்று 2,500 ரூபாய் முதலில் கட்டச் சொன்னார்கள். கட்டவில்லை, ஆனால் ஒரு இரவு முழுக்க யோசித்தார் என்பது உண்மை. இப்படித் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது.

பழைய மர அலமாரியை ஒரு செயலியில் படம் போட்டபோது இன்னொரு விதமான ஆள் வந்தார். இராணுவத்தில் இருக்கிறேன், நேரில் வர முடியாது, முன்பணம் அனுப்புகிறேன், இந்த கியூ.ஆர். கட்டப் படத்தை ஸ்கேன் செய்து இரகசிய எண்ணைப் போடுங்கள் என்றார். பேரம் பேசாமல் சொன்ன விலைக்கே ஒப்புக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம். பணம் வாங்குவதற்கு எங்கேயும் இரகசிய எண் கேட்க மாட்டார்கள். அந்த எண் பணம் கொடுப்பதற்கு மட்டும்தான். அலமாரியைக் கடைசியில் நாலு வீடு தள்ளி இருப்பவர் வாங்கிக்கொண்டார்.

பரண் காலியானபோது கையில் 38,000 சொச்சம் சேர்ந்திருந்தது. வாடகை அப்போதுதான் தொடங்கியிருந்தது. மீதிக்கு என்ன வழி என்று யோசித்தபோதுதான் கொல்லை கண்ணில் பட்டது.

பங்குனிக் கடைசியில் எங்கள் வேப்பமரம் பூத்துத் தள்ளும். முப்பது வருடமாக நான் அதைக் கூட்டிக் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்தேன். நகரத்தில் அதே பூவைக் காயவைத்து 100 கிராம் பொட்டலமாக விற்கிறார்கள் என்பதை மகன் சொல்லித்தான் தெரியும். 2024 சித்திரையில் மரத்தடியில் பழைய எட்டு முழ வேட்டிகளை முந்தின இரவே விரித்துவைத்தோம். வெயில் ஏறுவதற்கு முன்னால் அள்ளி, காம்பும் இலையும் நீக்கிச் சல்லடையில் சலித்து, மூன்று நாள் காயவைத்தோம். முறம் நிறையப் போட்டால் ஒரு கைப்பிடி மிஞ்சும். மொத்தம் 4.2 கிலோ தேறியது. பொட்டலம் 120 ரூபாய் வீதம் 5,040. நார்த்தை மரமும் இருந்தது. காயைச் சுருள் சுருளாக நறுக்கி, உப்பு அடைத்து, ஊறவைப்பதும் வெயிலில் எடுப்பதுமாக மாமியார் கைப்பக்குவத்தில் உப்பு நார்த்தங்காய். அதற்கு ஆள் காத்திருந்து வாங்கினார்கள்.

கூழ்வடாம் போட்டது என் பேராசை. சென்னைக்கு அனுப்பிய முதல் பார்சலைப் பிரித்தவர் படம் எடுத்து அனுப்பினார். வடாம் இல்லை, ரவை. காசைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு உடையாத, கெடாத, கனமில்லாத சரக்கு மட்டும்தான்: வேப்பம்பூ, நார்த்தங்காய், மோர் மிளகாய், கொத்தவரங்காய் வற்றல். வடாம் வேண்டும் என்பவர்கள் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம்.

உணவுப் பொருள் என்றால் வீட்டிலிருந்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். நான் எடுத்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்கு உட்பட்டவர்களுக்கு வருடத்துக்கு 100 ரூபாய்தான் கட்டணம், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வருகிற 14 இலக்க எண்ணைப் பொட்டலத்தில் போட வேண்டும். கூடவே சேர்மானம், நிகர எடை, அடைத்த தேதி, எத்தனை நாளைக்குள் பயன்படுத்த வேண்டும், முகவரி, சைவப் பொருளுக்கான பச்சைப் புள்ளி. இதை ஏதோ அரசாங்கத் தொந்தரவு என்று நினைத்தேன். எண் போட்ட பிறகுதான் முகம் தெரியாதவர்கள் வாங்க ஆரம்பித்தார்கள்.

விலை போடுவதில் நான் செய்த தவறை மாமியார்தான் பிடித்தார். மிளகாய், தயிர், உப்பு, பொட்டலம், தபால் என்று கூட்டி மேலே பத்து ரூபாய் வைத்திருந்தேன். நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "மொட்டை மாடியில் காக்காய் விரட்ட ஆள் வைத்தால் என்ன கூலி கொடுப்பாய்? அது எங்கே?" என்றார். மறுநாளிலிருந்து காக்காய் விரட்டும் கூலி என்று ஒரு வரி சேர்ந்தது. மாதக் கடைசியில் அதை அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். புடவைத் தலைப்பில் முடிந்துகொள்கிறார்.

என் நாத்தனார் மகளின் யோசனையில் பழைய கண்ணாடிப் புட்டிகளுக்கு வண்ணம் தீட்டி விற்றதும் உண்டு. வண்ணத்துக்கு 1,800 செலவு. இரண்டு புட்டி விற்றது, ஒன்றை வாங்கியது அவளுடைய அம்மா. மீதி திண்ணையில் வரிசையாக இருக்கிறது.

கொல்லைச் சரக்கில் செலவு போக ஒரு வருடத்தில் 17,000 மிஞ்சியது. பழைய பொருள், வாடகை எல்லாம் சேர்த்தால் 76,000. உத்தரம் மாற்றி, ஓடு வேய்ந்து முடித்தபோது தச்சர் கணக்கு 85,000 இல்லை, 97,000. குறைந்ததை ஓய்வூதியத்திலிருந்து போட்டோம்.

திருகை மட்டும் போகவில்லை. இதுவரை ஏழு பேர் விலை கேட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் வண்டிகூடக் கொண்டுவந்தார்கள். குனிந்து, தூக்கிப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வாரம் ஆளோடு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்போது திண்ணையில், நாத்தனார் மகளின் புட்டிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தபால்காரர் வந்தால் பையை அதன் மேல்தான் வைக்கிறார்.